ஆட்டிசம் மதிப்பீடும் சிகிச்சையும்: முனைவர் பட்டத்துக்குப் பிறகு எங்கே பயிற்சி எடுப்பது, எதைக் கற்றுக்கொள்வது

கேள்வி சுருக்கமாக இது: மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர், உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் கிளினிக்கல் சைக்காலஜி முதுகலை முடித்துப் பதிவும் பெற்றவர், முனைவர் ஆய்வு முடியும் தறுவாயில் இருக்கிறார். ஆட்டிசத்துக்கென்றே அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்குப் பிறகு நடக்கும் கிளினிக்கல் பயிற்சிக்கு, அதாவது ஃபெல்லோஷிப்புக்கு, போகலாமா, அங்கே என்னதான் சொல்லித் தருகிறார்கள், ஊருக்குத் திரும்பி வந்தால் அது உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேராகவே சொல்கிறேன். அமெரிக்க ஃபெல்லோஷிப் உங்களுக்குப் பெரும்பாலும் திறக்காத கதவு. அதற்குள் நடப்பதில் முக்கால்வாசியை இங்கேயே அமைத்துக்கொள்ளலாம். மிச்சக் கால்வாசியைக் கற்றுத்தர பாஸ்டனிலும் ஆளில்லை, கோலாலம்பூரிலும் அநேகமாக இல்லை. ஏனென்றால் அது தமிழ் பேசுகிற பிள்ளையைப் பற்றியது.

கதவு ஏன் திறக்காது என்றால், அந்த ஃபெல்லோஷிப் அந்நாட்டுப் படிப்பு ஏணியின் கடைசிப் படி. அமெரிக்க உளவியல் சங்கம் அங்கீகரித்த முனைவர் படிப்பு, அதிலேயே ஒரு வருட முழுநேர இன்டர்ன்ஷிப், அதற்குப் பிறகு இது. பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் முதலிரண்டையும் கட்டாயமாகக் கேட்கும். லைசென்ஸ் வாங்க 1,500 முதல் 2,000 மணி நேரம் வரை மேற்பார்வையில் வேலை செய்திருக்க வேண்டும் என்று பல மாநிலங்கள் சொல்வதால்தான் அந்த ஒரு வருடமோ இரண்டு வருடமோ அங்கே இருக்கிறது. நம் நாட்டில் தொழில் தகுதி முதுகலையோடு முடிந்துவிடுகிறது. முனைவர் பட்டம் ஆய்வுக்கானது. ஆகவே பட்டம் ஒன்றாகத் தெரிந்தாலும் சரக்கு வேறு. விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும்.

ஆய்வு போஸ்ட்டாக் வேறு சங்கதி. அதற்கு மலேசிய முனைவர் பட்டம் செல்லும். நல்ல ஆட்டிசம் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தால், மதிப்பீட்டுக் கருவிகளில் ஆய்வுத் தரத்துக்குப் பழக்கிவிடுவார்கள். ஆனால் லைசென்ஸ் இல்லாததால் குடும்பத்திடம் முடிவு சொல்லும் வேலையும் சிகிச்சையும் உங்கள் கைக்கு வராது. சேர்வதற்கு முன்னால் இரண்டு விஷயம் எழுத்தில் கேளுங்கள்: எந்த விசா, பிள்ளைகளோடு நேரடியாக வாரத்துக்கு எத்தனை மணி நேரம். இரண்டாவதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அது தரவு உள்ளிடும் வேலை.

ஆஸ்திரேலியாவில் கல்வி மற்றும் வளர்ச்சி உளவியல் என்றே தனிச் சிறப்புத் தகுதி உண்டு. அந்தத் துறையிலேயே அங்கீகரித்த மேற்படிப்பும் இருந்தால், பதிவு பெற்றபின் மேற்பார்வையில் வேலை செய்து அதை வாங்கலாம். குடிபெயர்கிற எண்ணம் இருந்தால் யோசிக்கத் தகுந்தது. இரண்டு வருடத்தில் திரும்ப வேண்டும் என்றால் பதிவு மாற்றுவதிலேயே காலம் போய்விடும்.

சரி, அங்கே உள்ளே என்ன நடக்கிறது? வாரத்தில் சில முழு மதிப்பீடுகள், சில சிகிச்சைக் குடும்பங்கள், குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் எல்லாரும் ஒரே மேசையில் உட்காரும் கலந்தாய்வு, குறைந்தது இரண்டு மணி நேரம் தனிப்பட்ட மேற்பார்வை. லெண்ட் என்று அரசு நிதியில் நடக்கும் பல்துறைப் பயிற்சியோடு இணைந்த இடங்களில் 300 மணி நேரத்துக்கு மேல் அதற்கென்று தனியாகப் போகும். பாடம் என்று பார்த்தால் புத்தகத்தில் இல்லாதது எதுவும் இல்லை. அங்கே கிடைப்பது ஒன்றே ஒன்று: நீங்கள் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும்போது கண்ணாடிக்குப் பின்னால் இன்னொருவர் அதே பிள்ளைக்குத் தனியாக மதிப்பெண் போடுகிறார், அப்புறம் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து எங்கே பிசகியது என்று பார்க்கிறார்கள். இது வருடக் கணக்கில் நடக்கிறது. இதைத்தான் இங்கே உருவாக்க வேண்டும்.

பிள்ளையோடு விளையாடிப் பேசியே ஆட்டிசத்தின் அடையாளங்களைப் பார்த்து மதிப்பெண் போடும் ஏடாஸ்-2 கருவியை எடுத்துக்கொள்வோம். கேத்தரின் லார்டும் குழுவினரும் உருவாக்கி 2012-ல் வந்த இந்தப் பதிப்பில் ஐந்து மாட்யூல்கள், அதாவது வயதுக்கும் பேச்சுக்கும் ஏற்ற தனித்தனிப் பகுதிகள். 12 முதல் 30 மாதம் வரை டாட்லர் மாட்யூல். 31 மாதம் தாண்டியும் சொற்றொடர் நிலைக்கு வராத பிள்ளைக்கு ஒன்று. சொற்றொடர் பேசினால் இரண்டு. சரளமாகப் பேசும் பிள்ளைக்கு மூன்று, சரளமாகப் பேசும் பெரிய பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் நான்கு. நடத்த 40 முதல் 60 நிமிடம். இரண்டு நாள் பட்டறைக்குப் போய்வந்து சான்றிதழை மாட்டிக்கொண்டால் ஆயிற்று என்று நம்மூரில் நினைக்கிறார்கள். பட்டறை எப்படி நடத்துவது என்று காட்டும், அவ்வளவுதான். ஆய்வுத் தரம் என்றால், தேர்ந்தவர் போட்ட குறியீட்டோடு உங்கள் குறியீடு 80 விழுக்காடு ஒத்துப்போக வேண்டும்; அதாவது 30 குறியீட்டில் 24. அதுவும் ஒரு முறை அல்ல, அடுத்தடுத்த பிள்ளைகளில். கிளினிக் வேலைக்கு அது கட்டாயமில்லை. ஆனாலும் அந்த அளவுக்குப் போகாதவர் போடும் எண்ணை நம்பி ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடத்தை முடிவு செய்வது சரியில்லை என்பது என் கருத்து.

எங்கே பிசகுகிறது என்று ஒரு இடத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். சோப்புக் குமிழி விடும் பகுதி. குமிழி விட்டு, பிள்ளை சந்தோஷமாக இருக்கும்போது நிறுத்துகிறோம். குமிழி விடும் கருவியைக் கையில் பிடித்தபடி வாயைத் திறக்காமல் மனதுக்குள் ஐந்து எண்ணுகிறோம். ஒரு பிள்ளை கருவியையே வெறித்துப் பார்க்கிறான். இன்னொருவன் நம் கையைப் பிடித்து, ஏதோ பொருளைத் தள்ளுவது போல, கருவியின் மேல் வைக்கிறான். மூன்றாமவன் கருவியைப் பார்த்து 'ம்ம்' என்கிறான், முகத்தைப் பார்ப்பதில்லை. நான்காமவன் நம் கண்ணைப் பார்த்து, கருவியைப் பார்த்து, மறுபடி கண்ணைப் பார்த்து 'ம்ம்' என்கிறான். நாலு பேருக்கும் குமிழி இன்னும் வேண்டும்தான்; ஆனால் நாலும் நாலு வேறு குறியீடு. புதிதாகச் செய்கிறவர் அந்த ஐந்து விநாடியைத் தாங்கமாட்டார். 'இன்னும் வேணுமா, கண்ணா?' என்று வாயை விட்டுவிடுவார், அல்லது குனிந்து தன் முகத்தையே பிள்ளையின் பார்வைக்கு நேராகக் கொண்டுபோய் வைப்பார். முடிந்தது. பிள்ளை தானாகச் செய்தானா, நாம் செய்ய வைத்தோமா என்று இனிமேல் தெரியாது.

நம்மூர்க்காரர்களிடம் இன்னொரு பழக்கம், டீச்சராகிவிடுவது. 'இது என்ன கலர்? எத்தனை கார் இருக்கு?' கேள்வி கேட்டால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் அழகாகப் பதில் சொல்வார்கள், அம்மாவும் பூரித்துப்போவார். ஆனால் ஏடாஸ் பார்க்க விரும்புவது, நாம் சும்மா இருந்தால் பிள்ளை நம்மை விளையாட்டுக்குள் இழுக்கிறானா என்பதை.

மதிப்பெண் போடும்போது மூன்று விதியை எழுதி ஒட்டிவையுங்கள். பிள்ளை போனவுடனேயே போட வேண்டும், மறுநாள் அல்ல. பார்த்ததற்குத்தான் போட வேண்டும், அம்மா சொன்னதற்கு அல்ல. கணக்கிடும்போது 3 என்ற குறியீடு 2 ஆகிறது. 0 முதல் 3 வரை அல்லாத 7, 8, 9 எல்லாம் 0 ஆகிறது. அவசரத்தில் அதை மறந்து கூட்டினால் மொத்தமே தப்பாகிவிடும்.

இப்போது தமிழ் பேசுகிற பிள்ளையைப் பற்றிய அந்தக் கால்வாசிக்கு வருவோம்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா என்று பார்ப்பது எல்லா இடத்திலும் உண்டு. பிறப்புப் பத்திரத்தில் இருக்கும் பெயர் பல தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமே இல்லை. வீட்டில் அவன் 'குட்டி', 'ஐயா', 'தம்பி'. படிவத்தைப் பார்த்து நீளமான பெயரைக் கூப்பிட்டுவிட்டு, திரும்பவில்லை என்று எழுதுவது பிள்ளையின் குறை அல்ல. உள்ளே கூட்டிப்போகும் முன் வாசலிலேயே 'வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?' என்று கேட்டு எழுதிவையுங்கள்.

மாட்யூலைத் தேர்வு செய்யும் இடத்தில் தமிழ் இன்னும் ஆழமாகக் குறுக்கிடுகிறது. சொற்றொடர் பேச்சு என்பதற்கு, மூன்று சொல் சேர்ந்து, சில நேரம் வினைச்சொல்லும் கலந்து, பிள்ளை தானாகப் பேச வேண்டும் என்பது அளவு. இங்கிலீஷுக்கு அது சரி. 'குடுக்கமாட்டேன்' என்று ஒரு பிள்ளை சொன்னால் அதில் யார், என்ன செய்யமாட்டான், எப்போது எல்லாமே அடங்கியிருக்கிறது. எண்ணிப் பார்த்தால் ஒரே சொல். சொல்லை எண்ணாமல் விகுதிகளை எண்ணுங்கள். காலம் மாற்றுகிறானா, 'வந்தான், வந்துச்சு, வந்தாங்க' என்று ஆளுக்கேற்ப மாற்றுகிறானா, அதே வினையை வேறு பொருளோடு சேர்க்கிறானா? சந்தேகமாக இருந்தால் கீழ் மாட்யூலுக்குப் போவது பாதுகாப்பு. மேலே போனால் மொழிச் சிரமம் சமூகச் சிரமம் மாதிரி வேஷம் போட்டு மதிப்பெண்ணை ஏற்றிவிடும்.

'நான்', 'நீ' மாறிப்போவது ஆட்டிசத்தின் தெரிந்த அடையாளம். தமிழில் அதைத் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது, ஏனென்றால் நாம் பேச்சில் 'நான்' என்பதையே பாதி நேரம் விட்டுவிடுகிறோம், 'வேணும்' என்பதில் ஆள் குறிப்பும் கிடையாது. அது ஒளிந்திருப்பது விகுதியில். பசித்தால் பிள்ளை வந்து 'சாப்பிடறியா?' என்கிறான். தாகம் என்றால் 'மைலோ குடிக்கிறியா?' அம்மா கேட்ட கேள்வியே அவனுக்கு வேண்டுகோள். வீட்டில் இது பழகிப்போனதால் யாரும் குறையாகச் சொல்லமாட்டார்கள். தமிழ் தெரியாதவர் மதிப்பிட்டால், பிள்ளை அருமையாகக் கேள்வி கேட்கிறான் என்று மொழிபெயர்ப்பாளர் சொல்ல, அப்படியே பதிவாகிவிடும்.

அதேபோல, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாரும் 'போறேன், வரேன்' என்று பேசும்போது ஒரு பிள்ளை மட்டும் 'நான் இப்பொழுது செல்கிறேன்' என்று டப்பிங் கார்ட்டூன் தமிழில் பேசினால் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டி அதைக் கெட்டிக்காரத்தனம் என்பார். தமிழே பேசாமல் யூடியூப் இங்கிலீஷில் மட்டும் பேசும் பிள்ளையும் உண்டு, வீட்டில் ஒருவருக்கும் இங்கிலீஷ் வராத வீட்டில். அப்படியானால் எந்த மொழியில் மதிப்பிடுவது? பிள்ளை எதில் நன்றாகப் பேசுகிறானோ அதில் தொடங்கி, மற்ற மொழியில் சிறிது நேரம் விளையாடிப் பார்த்து, இரண்டையும் அறிக்கையில் எழுதிவிட வேண்டும்.

பெற்றோர் நேர்காணலுக்கு ஏடிஐ-ஆர் என்ற கருவியில் 93 கேள்விகள், ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம். பலர் நினைப்பதுபோல் இது கேள்வித்தாள் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் நடந்த சம்பவம் ஒன்றை வரவழைக்க வேண்டும். 'விரல் நீட்டிக் காட்டுவானா?' என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும், ஏனென்றால் கையைப் பிடித்து இழுத்துப்போவதையும் அம்மா அதில் சேர்த்துக்கொள்வார். 'கடைசியா எதைக் காட்டினான்? அப்ப உங்க முகத்தைத் திரும்பிப் பார்த்தானா?' என்று கேளுங்கள். ரயில் போகும்போது, செம்பனையில் குரங்கைப் பார்த்தபோது, எதையும் கேட்காமல் 'நீயும் பாரு' என்பதற்காக மட்டும் காட்டினானா என்பதே நாம் தேடுவது. வயதைப் பற்றிய நினைவு எல்லாருக்கும் வழுக்கும். 'எத்தனை மாசத்துல பேசினான்' என்பதை விட்டுவிட்டு, 'தைப்பூசத்துக்கு மொட்டை போட்டீங்களே, அப்ப அம்மானு கூப்பிட்டானா? அடுத்த தீபாவளிக்கு?' என்று கேட்டு, பிறந்த தேதியிலிருந்து மாதத்தை நீங்களே கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். முதல் பிறந்தநாள், இரண்டாம் பிறந்தநாள் வீடியோ அநேகமாக எந்தக் குடும்ப ஃபோனிலும் இருக்கும். சித்தியின் ஃபோனிலாவது இருக்கும். கேக் வெட்டும்போது பிள்ளை யாரைப் பார்க்கிறான் என்பது ஒரு மணி நேர நேர்காணலுக்குச் சமம்.

வைன்லேண்ட்-3-ல் அன்றாடத் திறன் பார்க்கும்போதும் ஒரு கண்ணி உண்டு. ஆறு வயது வரை பாட்டி ஊட்டிவிடுவது நம் வீடுகளில் சாதாரணம். 'தானாகச் சாப்பிடுவதில்லை' என்று பூஜ்யம் விழுந்தால் அது பாட்டிக்கு விழுந்த பூஜ்யம். அந்தக் கருவி, செய்ய முடியுமா என்று கேட்பதில்லை, வழக்கமாகச் செய்கிறானா என்றுதான் கேட்கிறது. ஆகவே எண்ணை அப்படியே போட்டுவிட்டு, வாய்ப்பே தரப்படாதவை இவை என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். அறிவுத்திறன் சோதனையில் மொழி தேவைப்படாத லைட்டர்-3 போன்றது உதவும். இங்கிலீஷில் நடத்திய சோதனையில் 68 என்று வந்த எண்ணைத் தோட்டத்துப் பிள்ளையின் தலையில் ஒட்டாதீர்கள்.

மனநலக் கோளாறுகளைக் கண்டறியும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 (2013) கேட்பது: சமூகத் தொடர்பில் மூன்று அம்சமும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தைகளில் நான்கில் இரண்டு, சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும், வாழ்க்கையைத் தடுக்க வேண்டும், அறிவுத்திறன் குறைபாடு மட்டுமே இதை விளக்கிவிடக் கூடாது. கடைசியில்தான் பயிற்சி இல்லாதவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஏடாஸ் மதிப்பெண் ஏறுவதற்கு ஆட்டிசம் மட்டுமே காரணம் இல்லை. மனவயது ஒன்றரைதான் உள்ள நாலு வயதுப் பிள்ளைக்கும் ஏறும், கட்டுக்கடங்காத ஏடிஎச்டிக்கும் (கவனக் குறைவும் அதீதத் துறுதுறுப்பும்) ஏறும், வீட்டில் அடி உதை பார்த்து உறைந்துபோன பிள்ளைக்கும் ஏறும். வீட்டில் வாயாடியாக இருந்து, மலாய் மட்டும் பேசும் பாலர் பள்ளியில் ஒரு வருடம் வாயே திறக்காத பிள்ளை இன்னொரு வகை. காது கேட்கும் சோதனை முடியாமல் எந்த மதிப்பீட்டையும் தொடங்காதீர்கள். மறுபக்கம், கெட்டிக்காரப் பெண் பிள்ளைகள் தோழியின் சிரிப்பையும் கைவீச்சையும் அப்படியே பார்த்து நடித்து மதிப்பெண்ணுக்குக் கீழே நழுவிவிடுவார்கள். 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்று இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அப்படியொரு கண்டறிதல் கிடையாது. ஃபோனை நிறுத்தியதும் சரியாகிவிட்டான் என்றால் அவனுக்கு இருந்தது வேறு. 'மன இறுக்கம்' என்ற சொல்லையும் நான் ஒதுக்கிவிடுவேன். அதைக் கேட்டவுடன் பிள்ளைக்கு டென்ஷன் என்று புரிந்துகொள்கிறார்கள். ஆட்டிசம் என்றே சொல்லலாம்.

இதனால்தான் ஆட்டிசம் மையத்தில் மட்டும் பயிற்சி எடுக்காதீர்கள் என்கிறேன். அங்கே வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஏற்கெனவே முடிவானவர்கள். 'இல்லை' என்று சொல்லப் பழகும் இடம் பொது வளர்ச்சி கிளினிக்.

சிகிச்சைப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வேலையில் நேரடிச் சிகிச்சை குறைவாகவும் பெற்றோருக்குப் பயிற்றுவிப்பது அதிகமாகவும் இருக்கப்போகிறது. நடத்தைப் பகுப்பாய்வுக்கு பிசிபிஏ சான்றிதழ் வாங்கலாம் என்று யாராவது சொன்னால், அதை வழங்கும் அமைப்பு 2023 முதல் ஒருசில நாடுகளுக்கு வெளியே புது விண்ணப்பம் எடுப்பதில்லை, மலேசியா அந்தச் சிலவற்றில் இல்லை. எர்லி ஸ்டார்ட் டென்வர், ஜாஸ்பர் போன்ற விளையாட்டு வழி முறைகளில் பட்டறைக்குப் பிறகு உங்கள் வீடியோவை அனுப்பி, முறை தவறாமல் செய்கிறீர்களா என்று மதிப்பெண் வாங்க வேண்டும். அந்த இரண்டாம் கட்டம் வரை போனால்தான் காசு கொடுத்ததற்குப் பயன். பதின்ம வயதினருக்கு அமெரிக்காவில் எலிசபெத் லாகசன் வடிவமைத்த பியர்ஸ் என்ற சமூகத் திறன் பயிற்சி, 16 வாரம். சுங்கை சிப்புட்டுக்கு மிகப் பொருத்தமானது உலகச் சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் திறன் பயிற்சிதான்: 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் குடும்பத்துக்கு 9 குழு அமர்வு, 3 வீட்டு வருகை. சிறப்பு வல்லுநர் இல்லாத இடத்துக்கென்றே செய்தது.

அந்த வீட்டு வருகையில் என்ன செய்வது? பிஸ்கட் டின் போதும். மூடியை லேசாக இறுக்கி பிள்ளை கையில் கொடுக்கிறோம். திறக்க முடியவில்லை. அம்மா வாயை மூடிக்கொண்டு எதிரே உட்கார்ந்து காத்திருக்கிறார். பிள்ளை டின்னை நீட்டினாலோ, நிமிர்ந்து பார்த்தாலோ, 'தொற' என்று ஒரே சொல்லைச் சொல்லித் திறந்து ஒன்றே ஒன்று கொடுக்கிறார். மறுபடி மூடி. பத்துத் தடவை இப்படி நடந்தால் மூன்று நிமிடம். ஒரு வேளைத் தேத்தண்ணிக்குள் முடிந்துவிடும். கெடுவது எங்கே என்றால், அம்மா 'தொறன்னு சொல்லு, சொன்னாதான் தருவேன்' என்று பிடிவாதத்தில் இறங்கும்போது. பிள்ளை கத்துவான், பாட்டி ஓடிவந்து டின்னோடு கொடுத்துவிடுவார், கத்தினால் கிடைக்கும் என்று அன்றைக்குப் பாடம் ஆகிவிடும். ஆகவே பயிற்சியைப் பாட்டியிலிருந்து தொடங்குங்கள். பகலில் பிள்ளையை வைத்திருப்பவர் அவர்தான்.

ஒரே மொழியில் பேசுங்கள், அதுவும் இங்கிலீஷில் என்று பெற்றோருக்குச் சொல்லும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு பின்னடைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. இந்த அறிவுரையால் நடப்பது, தமிழ் மட்டும் தெரிந்த பாட்டிக்கும் பிள்ளைக்கும் நடுவில் பேச்சே நின்றுபோவது.

கயிறு கட்டியிருப்பார்கள், நேர்த்திக்கடன் வைத்திருப்பார்கள், யாரோ வாக்குச் சொல்லியிருப்பார். அதில் தலையிட வேண்டியதில்லை. ஈயம், பாதரசம் எடுக்கிறேன் என்று செலேஷன் மருந்து ஏற்றுபவர்களிடம் மட்டும் போகவிடாதீர்கள், உயிர் போயிருக்கிறது.

முடிவைச் சொல்லும் அமர்வையும் மேற்பார்வையில் பழக வேண்டும். 'கொஞ்சம் மெதுவா வளர்றான்' என்று சுற்றிவளைத்தால், சரி, பள்ளிக்குப் போனால் சரியாகிவிடும் என்று எழுந்து போய்விடுவார்கள். முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஆட்டிசம் என்ற சொல் காதில் விழ வேண்டும், அதன்பிறகு நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். மாமியார் கூட வந்திருந்தால், மருமகள் கர்ப்பத்தில் செய்த எதனாலும் இது வரவில்லை என்று அவர் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போனபின் அந்தப் பெண்ணால் அதைச் சொல்ல முடியாது.

அறிக்கை இங்கிலீஷில் 18 பக்கம் எழுதுவதால் ஒருவருக்கும் லாபமில்லை. பள்ளிக்கும் நலத்துறைக்கும் மலாயில் இரண்டு பக்கம், பெற்றோருக்குத் தமிழில் வாயால் சொல்லி ஒரு பக்கம் எழுத்தில். உள்ளூர் வழியும் கைவசம் இருக்க வேண்டும். அரசு கிளினிக்கில் 18 மாதத்தில், ஆட்டிசம் இருக்கலாமா என்று முதலில் வடிகட்டும் எம்-சாட் கேள்வித்தாள். திருத்திய பதிப்பில் 20 கேள்வி, 0 முதல் 2 வரை ஆபத்துக் குறைவு, 3 முதல் 7 வரை வந்தால் தொடர்நேர்காணல் கட்டாயம், 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேராக மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். அந்தத் தொடர்நேர்காணலைச் செய்யாமல் விட்டால் வீணாகப் பயந்து வருகிறவர்கள் பெருகுவார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரி. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டைக்கு 'மாசாலா பெம்பலாஜாரான்' (கற்றல் சிரமம்) பிரிவில் விண்ணப்பம். படிவத்தில் கையெழுத்திட வேண்டியவர் மருத்துவர், நீங்கள் அல்ல, உங்கள் அறிக்கை துணைக்கு. சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் சேர்ந்தது, ஆகவே மாவட்ட அலுவலகங்களுக்கு அங்கே போக வேண்டும். ஈப்போவில் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்புகிற குடும்பங்கள் உண்டு. பள்ளியில் பிபிகேஐ என்ற சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்ந்தால் மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை. எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் அந்த வகுப்பு கிடையாது என்பதால், எந்தப் பள்ளியில் இருக்கிறது, வேன் போகிறதா என்பதை அறிக்கை எழுதும் முன்னரே விசாரியுங்கள்.

இனி உங்கள் இரண்டு வருடம். துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம் 774 நடப்புக்கு வந்த 2020 ஜூலையிலிருந்து கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பதிவும் தொழில் நடத்தும் சான்றும் தேவை என்பதால் அதைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதம் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி ஒன்றின் குழந்தை மனநல அல்லது வளர்ச்சி கிளினிக்கில் இணைப்புப் பயிற்சி கேளுங்கள். மலாயா பல்கலைக்கழகத்திலும் தேசியப் பல்கலைக்கழகத்திலும் அந்தத் துறைகள் இருக்கின்றன. வாரம் இரண்டு நாள் போதும், ஆனால் தொடர்ந்து. 20 மதிப்பீடு பார்த்து, 20 கூடச் சேர்ந்து செய்து, 20 நீங்கள் நடத்த இன்னொருவர் மதிப்பெண் போட வேண்டும். இது என் கணக்கு, எந்த வாரியத்தின் விதியும் அல்ல. அந்த 60-ல் மூன்றில் ஒரு பங்காவது ஆட்டிசம் இல்லை என்று முடிந்தவையாக இருக்கட்டும். ஏடாஸ் பட்டறையை அந்த முதல் 20-க்குப் பிறகு வையுங்கள், முன்னால் வைத்தால் காசு கரையும், மனதில் நிற்காது. கருவிப் பெட்டி ஆயிரக்கணக்கான ரிங்கிட். அவசரப்பட்டு வாங்காமல் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கலாம். ஏடாஸ் மதிப்பெண்ணைப் பதியும் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்காதீர்கள்.

நடுவில் ஒரு மாதமாவது தமிழ்நாட்டுக்குப் போய்வாருங்கள். வேலூர் சிஎம்சியின் வளர்ச்சிக் குழந்தை மருத்துவப் பிரிவு, சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள பல்குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களில் தமிழிலும் இந்த வேலை நடக்கிறது. அங்கே புழங்கும், ஆட்டிசத்தை அளக்கும் இந்திய அளவுகோலான இசாவில் 40 கூற்றுகள். 70-க்குக் கீழே இல்லை, 106 வரை லேசு, 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. அதை அப்படியே இங்கே தூக்கிவந்து பயன்படுத்தச் சொல்லவில்லை. கேள்வியைத் தமிழில் எப்படிக் கேட்கிறார்கள் என்று காதில் வாங்கிக்கொண்டு, லயத்துத் தமிழுக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் 'சுட்டிக் காட்டுதல்' என்று கேட்பது இங்கே 'கை நீட்டிக் காட்டுறது'.

மேற்பார்வையாளர் உள்ளூரில் அமையாவிட்டால், பெற்றோரிடம் எழுத்துச் சம்மதம் வாங்கிப் பதிவுசெய்த வீடியோவை வைத்துத் தூரத்திலிருந்தும் செய்யலாம். கேமராவைப் பிள்ளையின் முகத்துக்கு நேராக வையுங்கள், உங்கள் முகமும் ஓரத்தில் தெரிய வேண்டும். முதல் வீடியோக்களில் பெரும்பாலும் பிள்ளையின் பிடரிதான் பதிவாகும். மின்விசிறிச் சத்தம் பேச்சை விழுங்கிவிடும் என்பதால் மைக்கைத் தனியாக மேசைக்கடியில் வையுங்கள். யாரிடம் மேற்பார்வை கேட்பது என்று தெரிவு செய்யும்போது, அவர் எத்தனை பட்டறை நடத்தினார் என்பதை விட்டுவிட்டு, போன வருடம் பார்த்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஆட்டிசம் இல்லை என்று எழுதிக்கொடுத்தார் என்று கேளுங்கள். ஒருவருக்கும் இல்லை என்று பதில் வந்தால் அடுத்தவரைப் பாருங்கள்.